அமிலத்துக்கு வரப்பு தெரியாது

கேரளத்தின் குட்டநாட்டில் கடல்மட்டத்துக்கும் கீழே நெல் விளைகிறது. ஐ.நா. உணவு, வேளாண்மை அமைப்பு 2013-இல் அதை உலக மரபு வேளாண் முறைகளில் ஒன்றாக ஏற்றது. ஆனால் அங்கே தகழி, புறக்காடு, வைக்கம் பக்கத்துக் கரிநிலங்களில் உழுகிறவர்களுக்குத் தெரியும், அந்த மண் எவ்வளவு கடுமையானது என்று.

சதுப்புக் காடு புதைந்து மட்கிக் கறுத்த மண் அது. கடல்நீரின் சல்பேட்டும் மண்ணின் இரும்பும் காற்றுப் புகாத சேற்றில் சேர்ந்து பைரைட் ஆகியிருக்கின்றன. நீரில் மூழ்கிக் கிடக்கும்வரை அதனால் கெடுதல் இல்லை. அளவுக்கு மீறி நீரை இறைத்து நிலத்தைக் காயவிட்டால் வெடிப்பு வழியே காற்று இறங்கும். பைரைட் கந்தக அமிலமாக மாறும். பி.எச். அளவு 3.5-க்கும் கீழே போய்விடும். மண்ணில் அடங்கியிருந்த அலுமினியம் கரைந்து வேர்நுனியை முடக்கும், மணிச்சத்தைப் பயிருக்குக் கிடைக்காமல் பிடித்துவைக்கும். அடுத்த மழையில் அதே நீர் வாய்க்காலுக்குப் போய் மீனின் செவுளைத் தாக்கும்.

சுண்ணாம்பு மருந்துதான். ஹெக்டேருக்கு 600 கிலோ, முதல் உழவில் 350, விதைத்து ஒரு மாதம் கழித்து 250 என்பது கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. ஆனால் பைரைட் அடுக்கு காயாமல் நீர்மட்டத்தைக் காப்பதுதான் முதல் வேலை. ஒரே வரப்புக்குள் சேர்ந்து கிடக்கும் வயல் தொகுதியான பாடசேகரத்தின் வயல்களுக்கெல்லாம் இறைப்பு பொது, நீர்மட்டமும் பொது. தனியொரு விவசாயி எவ்வளவு சுண்ணாம்பு போட்டாலும் நீர்மட்டத்தைத் தன் வயலுக்கு மட்டும் கட்டுப்படுத்த முடியாது.

உப்புநீரைத் தடுக்க 1970-களில் பயன்பாட்டுக்கு வந்த தண்ணீர்முக்கம் தடுப்பணை விவசாயிகளையும் மீனவர்களையும் எதிரெதிரே நிறுத்தியிருக்கிறது. அமில விஷயத்தில் இருவரும் ஒரே பக்கம் என்பதே என் கருத்து. கடல்நீரில் உள்ள பைகார்பனேட் அமிலத்தை ஓரளவு முறிக்கிறது; ஓதம் ஏறி இறங்கினால் வாய்க்காலில் தேங்கிய அமிலநீர் வெளியேறுகிறது. மீன் குஞ்சும் இறாலும் உள்ளே வருவதும் அப்போதுதான். சில பாடசேகரங்கள் விதைப்பைத் தள்ளிப்போட்டால் அறுவடை தள்ளுகிறது, அதுவரை மூடியிருக்கும் அணையின் கதவுகள் திறப்பதும் தள்ளுகிறது. நஷ்டம் எல்லோருக்கும்.

ஆகவே பாடசேகரக் குழுக்கள் ஒன்றாக விதைக்க வேண்டும். வேளாண் துறை உழவுக்கு முன்பே சுண்ணாம்பைக் கையில் சேர்க்க வேண்டும். நீர்ப்பாசனத் துறை கதவு திறக்கும் நாளை முன்கூட்டியே அறிவித்து, அதைக் காப்பாற்ற வேண்டும். விதைப்பு நாளையும் திறப்பு நாளையும் மீனவர்களும் அமர்ந்திருக்கும் ஒரே கூட்டத்தில் முடிவு செய்யுங்கள்.