தேன்குழல் டின்னும் மாத்திரை அட்டையும்



போன மாதம் மகன் ஹூஸ்டனிலிருந்து வந்து மூன்று வாரம் எங்களோடு இருந்துவிட்டுப் போனான். கிளம்புவதற்கு முதல் நாள் இரவு ஆச்சி பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். தேன்குழல் ஒரு டின், மாவுருண்டை ஒரு டின், சீப்புச்சீடை ஒரு டின். இடம் போதவில்லை என்று அவனுடைய சவரப் பையை எடுத்து ஓரமாக வைத்தபோது உள்ளேயிருந்து ஒரு மாத்திரை அட்டை விழுந்தது. மெட்ஃபார்மின். நான் பதினெட்டு வருஷமாகச் சாப்பிட்டு வரும் அதே மாத்திரை. எனக்குச் சர்க்கரை என்று சொன்னது ஐம்பத்தெட்டாவது வயதில், ஓய்வு பெற்ற அடுத்த மாதம். அவனுக்கு இப்போது நாற்பத்திமூன்றுதான் ஆகிறது.

ஆச்சி ஒன்றும் பேசவில்லை. மாவுருண்டை டின்னை மட்டும் எடுத்து அடுப்படியில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தாள்.

2006இல் அவன் விமானம் ஏறியபோது எடை அறுபத்து நான்கு கிலோ. இப்போது எண்பத்தெட்டு. ஊரில் இதைக் கேட்டவர்கள் எல்லாரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள். "அந்த ஊர்ச் சாப்பாடு அப்படிண்ணே. பர்கரும் பீட்சாவும் தின்னா உடம்பு ஏறாம என்ன செய்யும்?" எனக்கு இந்தப் பதில் சரியென்று படவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

2014இல் நானும் ஆச்சியும் ஹூஸ்டன் போய் ஆறு மாதம் இருந்தோம். அந்த ஆறு மாதத்தில் நான் ஒரு பர்கர்கூடத் தின்றதில்லை. காலையில் இட்லி, மத்தியானம் சோறு, குழம்பு, கூட்டு, இரவு தோசை. எல்லாம் ஆச்சி கைப்பக்குவம், இங்கே சாப்பிட்ட அதே அளவு. திரும்பி வந்து தராசில் ஏறினால் ஐந்து கிலோ கூடியிருந்தது!

யோசித்துப் பார்த்தேன். செக்காலையில் நான் காலையில் எழுந்தால் பாலுக்கு ஒரு நடை, பேப்பருக்கு ஒரு நடை, காய்கறிக்கு ஒரு நடை. சாயந்திரம் கொப்புடையம்மன் கோயிலுக்குப் போய்த் திரும்புவது ஒரு நடை. இதையெல்லாம் நான் உடற்பயிற்சி என்று நினைத்ததே இல்லை. ஹூஸ்டனில் மகன் வீட்டைச் சுற்றி வீடுகள் மட்டும்தான். ஒரு கட்டுக் கொத்தமல்லி வாங்கக் காரை எடுக்க வேண்டும். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஆகவே சோபாவும் தொலைக்காட்சியும்தான் என் ஊர் என்று ஆனது. சாப்பாடு ஊரிலிருந்து கூடவே வந்தது, நடை வரவில்லை. அந்த ஐந்து கிலோவுக்குக் காரணம் அவ்வளவுதான்.

மகள் சிங்கப்பூரில் பன்னிரண்டு வருஷமாக இருக்கிறாள். அண்ணன் தங்கை இருவரும் ஒரே ஆத்தா சமையலில் வளர்ந்தவர்கள். ஆனால் அவளுக்குக் கூடியது நான்கு கிலோதான். அவளிடம் கார் இல்லை. அந்த ஊரில் கார் வாங்குவது யானை வாங்குவது போல. வீட்டிலிருந்து ரயில் நிலையத்துக்கு நடை, இறங்கி அலுவலகத்துக்கு நடை, திரும்பும்போது கடைக்கு நடை. இருவரும் போனது வெளிநாடுதான். ஒரு நாடு அவளை நடக்க வைத்தது, இன்னொன்று அவனை உட்கார வைத்தது.

அதற்காகச் சிங்கப்பூரைச் சொர்க்கம் என்று சொல்லவில்லை. அங்கேயும் இந்தப் பயம் வந்துவிட்டது. 2016இல் நீரிழிவின் மீது போர் என்றே அந்த அரசாங்கம் அறிவித்தது. 2022 டிசம்பர் இறுதியிலிருந்து கடையில் விற்கும் பானங்களுக்குச் சர்க்கரை அளவையும் கொழுப்பையும் பார்த்து ஏ முதல் டி வரை தரம் போடுகிறார்கள். டி வாங்கிய பானத்துக்கு விளம்பரம் செய்யக்கூடாது. நன்றாக இருந்தவர்களும் விழித்துக்கொண்டார்கள் என்பதுதான் கவனிக்க வேண்டியது.

வெளிநாடு போய் உடம்பு ஏறுவது நம் பக்கத்துக்குப் புதிதும் அல்ல. என் அப்பச்சி சைகோனில் ஒரு கிட்டங்கியில் அடுத்தாளாக இருந்தவர். மூன்று வருஷக் கணக்கு முடிந்தால் ஊருக்கு வருவார், பிறகு மறுபடியும் கப்பல். நானும் ஒருநாள் அங்கே போவேன், பிரெஞ்சு தெரிந்தால் பிழைத்துக்கொள்வேன் என்று என்னைப் புதுச்சேரியில் சொந்தக்காரர் வீட்டில் விட்டு பிரெஞ்சு வழியில் படிக்க வைத்தார். நான் படித்து முடிப்பதற்குள் சைகோன் கணக்கே முடிந்துபோனது. கடைசியில் தாலுகா அலுவலகத்தில் தமிழில் குறிப்பு எழுதி ஓய்வு பெற்றேன். அது வேறு கதை.

எங்கள் வீட்டு வளவில் அப்பச்சியின் படங்கள் இரண்டு மாட்டியிருக்கின்றன. முதல் பயணத்துக்கு முன் எடுத்ததில் கழுத்தெலும்பு தெரியும். இரண்டாவதில் தொந்தி தெரியும். அப்பத்தா அந்த இரண்டாவது படத்தைத்தான் வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவார். "கொண்டுவிக்கப் போயி நல்லா இருக்கான்" என்பதற்கு அந்தத் தொந்திதான் சாட்சி. பள்ளிக்கூடத்தில் நான் படித்த பிரெஞ்சிலும் உடம்பு பூசினாற்போல் இருப்பதற்கு 'ஆம்போன்புவேன்' என்று ஒரு சொல் உண்டு. அதைப் பிரித்துப் பார்த்தால் 'நல்ல நிலையில்' என்று பொருள் வரும். பசியைக் கண்ட காலத்தில் எல்லா ஊரிலும் சதைதான் சௌக்கியத்துக்கு அடையாளம் போலும். அப்பச்சி ஐம்பத்தாறாவது வயதில் மாரடைப்பில் போனார். தொந்தியையும் அதையும் அன்றைக்கு யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை.

கிட்டங்கியில் அவர் வேலை என்ன? காலையிலிருந்து இரவு வரை தரையில் சம்மணமிட்டு, பெட்டியடியில் கணக்கெழுதுவது. சமையலாள் வேளை தவறாமல் சோறு போடுவார். மலாயாவுக்கும் இப்படித்தான் ஆட்கள் போனார்கள். ஆனால் அதே நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கு ரப்பர் தோட்டத்து வேலைக்கும் ஆயிரக்கணக்கான தமிழர்கள் கப்பலேறினார்கள். விடியும் முன்னே எழுந்து, மரம் மரமாக நடந்து பால் வெட்டியவர்கள் அவர்கள். அவர்களில் யாருக்குத் தொந்தி விழுந்தது? கடல் ஒன்றுதான், இறங்கிய நாடும் ஒன்றுதான். செய்த வேலைதான் வேறு. இன்றைக்கு நம் மாவட்டத்திலிருந்து வளைகுடா போகிறவர்களிடமும் இதைப் பார்க்கலாம். கட்டட வேலைக்குப் போனவன் வெயிலில் வற்றிப்போய் வருகிறான், காரோட்டியாகப் போனவன் வயிறு தள்ளி வருகிறான்.

குலவாகு என்று சொல்கிறவர்களும் உண்டு. அதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. புனேயின் டாக்டர் யாக்னிக்கும் லண்டன் பேராசிரியர் யுட்கினும் 2004இல் லான்செட் இதழில் தங்கள் படத்தையே வெளியிட்டார்கள். உயரத்துக்கு எடை பார்க்கும் அளவில் இருவருக்கும் 22.3. ஆனால் உடம்பில் கொழுப்பு அந்த வெள்ளைக்காரருக்கு 9.1 சதவீதம், நம்மவருக்கு 21.2 சதவீதம். ஒல்லியாகத் தெரிகிற நமக்குள்ளேயே கொழுப்பு ஒளிந்திருக்கிறது என்பதுதான் இதன் சாரம். அதனால்தான் வெள்ளைக்காரர்களுக்கு 25 என்று வைத்த எல்லையை நமக்கு 23 என்று குறைத்துச் சொல்கிறார்கள். ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 தாண்டக் கூடாது என்கிறார்கள்.

ஆனால் எல்லாம் குலவாகு என்று விட்டுவிடவும் முடியாது. 1965 வாக்கில் ஜப்பானியர்களை வைத்து ஓர் ஆராய்ச்சி தொடங்கினார்கள். ஹிரோஷிமா, நாகசாகியில் இருந்தவர்கள், ஹவாய்த் தீவுக்குக் குடியேறியவர்கள், கலிஃபோர்னியாவில் குடியேறியவர்கள் என்று மூன்று கூட்டம். ரத்தம் ஒன்றுதான். ஜப்பானை விட ஹவாயில் எடையும் இதய நோயும் கூட, கலிஃபோர்னியாவில் இதய நோய் அதைவிடவும் கூட. பிறப்பு துப்பாக்கியில் குண்டு போட்டு வைக்கிறது என்றால், அதை வெடிக்க வைப்பது இருக்கிற இடமும் நாளை ஓட்டுகிற விதமும்தான்.

இதையெல்லாம் வெளிநாட்டுக்காரர் கவலை என்று நாம் ஒதுங்கவும் முடியாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் உதவியோடு நாடு முழுவதும் எடுத்த கணக்கு 2023இல் வெளிவந்தது. நம் நாட்டில் சர்க்கரை நோயாளிகள் பத்துக் கோடிக்கு மேல். இவர்களில் பெரும்பாலோர் கடல் தாண்டாதவர்கள். முகப்பிலிருந்து பின்கட்டு வரை நம் பெண்கள் நடந்த நடையே ஒரு ஊர்ப் பயணம். ஊரணியில் தண்ணீர் எடுத்தார்கள், ஆட்டுக்கல்லில் மாவரைத்தார்கள். இன்று தெருமுனைக் கடைக்கு ஸ்கூட்டர், இரவு பத்து மணிக்குப் பரோட்டா. பாஸ்போர்ட் எடுக்காமலே நாமும் வேறு நாட்டுக்குக் குடிபோய்விட்டோம்.

அதனால் நான் சொல்ல வருவது முதலில் நம்மைப் போன்ற பெரியவர்களுக்குத்தான். பிள்ளைகள் விமானத்திலிருந்து இறங்கியதும் "என்னப்பா இப்படி இளைச்சுப் போயிட்டே" என்று கேட்பதை நிறுத்துவோம். என் மகன் எண்பது கிலோ இருந்தபோதும் இந்த வீட்டில் அப்படித்தான் கேட்டோம். நான்தான் முதலில் கேட்டேன். அவன் மாத்திரையை மறைத்ததற்கு அதுவும் ஒரு காரணம். நாம் ஊட்டுகிற கையைத் தட்டிவிடும் துணிவு எந்தப் பிள்ளைக்கும் வராது.

இரண்டாவது, மூன்று டின் ஒரு டின்னாகட்டும். பலகாரம் வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. தீபாவளிக்குத் தின்றதை வருஷம் முழுக்கத் தின்ன வைத்தது நாம்தான்.

மூன்றாவது, வெளிநாட்டில் வீடு பார்க்கும் பிள்ளைகளிடம் எத்தனை படுக்கையறை என்று கேட்கிறோம். நடந்து போகிற தூரத்தில் ஒரு கடையாவது, ஒரு பூங்காவாவது இருக்கிறதா என்றும் கேட்போம். பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ளப் போகிற பெரியவர்கள் இங்கே எத்தனை நடை நடந்தீர்களோ அத்தனையை அங்கேயும் கணக்கு வைத்து நடந்துவிடுங்கள். போன முறை நான் செய்யத் தவறியது அது.

அன்றிரவு மகனிடம் அட்டையைக் காட்டி, "எப்ப இருந்துப்பா?" என்று மட்டும் கேட்டேன். "ரெண்டு வருஷமாச்சுப்பா. ஆத்தா வருத்தப்படுவாகன்னு சொல்லல" என்றான். நான் என் அட்டையை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தேன். இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். மறுநாள் காலை ஐந்தரை மணிக்கு அவனை எழுப்பிக் கொப்புடையம்மன் கோயில் வரை நடத்திக் கூட்டிப்போனேன். பாதி வழியில் அவனுக்கு மூச்சு வாங்கியது. எழுபத்தாறு வயதுக்காரன் நின்று, நாற்பத்திமூன்று வயதுக்காரனுக்காகக் காத்திருந்தேன். அது பெருமைப்படுகிற விஷயமில்லை.

இப்போது தினமும் அவனுக்கு இரவு சாப்பாடு முடிந்து, எனக்கு விடிந்த நேரத்தில் போன் வருகிறது. அவன் அங்கே அவன் தெருவில் நடக்கிறான், நான் இங்கே செக்காலையில் நடக்கிறேன். "சாப்பிட்டியா" என்று கேட்டுப் பழகிய வாயால் "எத்தனை தூரம் நடந்தே" என்று கேட்கப் பழகிக்கொண்டிருக்கிறேன்.