உறவா, தகுதியா? வீடு கட்டுவோர் சிந்தனைக்கு



மகளுக்கு மாப்பிள்ளை தேடும்போது நான்கு ஊர்களில் விசாரிக்கிறோம். வாழ்நாள் சேமிப்பைக் கொட்டி வீடு கட்டும்போதோ, "நம்ம பையன், நம்ம ஜமாஅத்" என்ற ஒரு சொல்லை நம்பிப் பணியை ஒப்படைத்துவிடுகிறோம். உறவைப் பேணியதாக மனநிறைவும் கொள்கிறோம். மார்க்கம் காட்டும் வழி இதுவன்று.

மஸ்ஜிதுந் நபவீ கட்டப்பட்டபோது, யமாமாவிலிருந்து வந்திருந்த தல்க் பின் அலீ (ரலி) மண் குழைப்பதில் வல்லவர் என்பதைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், அப்பணியை அவரிடமே விடுமாறு கூறியதாக அறிவிக்கப்படுகிறது. ஹிஜ்ரத் பயணத்தில் வழிகாட்டியாக அமர்த்தப்பட்ட அப்துல்லாஹ் பின் உரைகித் அப்போது முஸ்லிமாகவும் இருக்கவில்லை. ஆயினும் பாதையை நன்கறிந்தவர், நம்பிக்கைக்குரியவர். பணிக்கு அமர்த்தத் தக்கவரிடம் ஆற்றலும் நாணயமும் சேர்ந்திருக்க வேண்டும் என்பதை மூஸா (அலை) அவர்களின் வரலாற்றினூடே குர்ஆன் (28:26) உணர்த்துகிறது. இரண்டில் ஒன்று மட்டும் போதாது.

நம் விருதுநகர், சாத்தூர் வட்டாரங்களின் கரிசல் மண் இதை இன்னும் கடுமையாக வலியுறுத்துகிறது. மழையில் உப்பி, கோடையில் சுருங்கி வெடிக்கும் மண் இது. கடைக்காலின் ஆழத்தையும் வகையையும் மண்ணைச் சோதித்த பொறியாளரே முடிவு செய்ய வேண்டும். வழக்கமான ஆழத்தில் வானம் தோண்டினால், சில ஆண்டுகளிலேயே சுவர்கள் விரிசல் விடக்கூடும். கான்கிரீட்டுக்குக் குறைந்தது 7 நாட்கள், கலப்புச் சிமெண்ட் என்றால் 10 நாட்கள் நீராற்ற வேண்டும். நம் கோடையில் அதனினும் கூடுதலாக. தண்ணீருக்குச் சிரமப்படும் ஊரில் இதை விடாமல் செய்பவரே நாணயமானவர்.

தகுதிக் குறைவின் விலை பணம் மட்டுமன்று. 2014 ஜூன் 28 அன்று சென்னை மௌலிவாக்கத்தில் கட்டப்பட்டுவந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 உயிர்கள் பறிபோயின. பெரும்பாலோர் கட்டடத் தொழிலாளர்கள். அருகிலிருந்த இணைக் கட்டடமும் பாதுகாப்பற்றது எனக் கருதப்பட்டு 2016இல் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது.

எனவே, ஒருவரை அமர்த்துமுன் அவர் மூன்று, நான்கு ஆண்டுகளுக்கு முன் கட்டிய வீடுகளுக்குச் சென்று, அங்கு வசிப்போரிடம் கேளுங்கள். மழைக்காலத்தில் தளம் ஒழுகியதா, பேசிய தொகைக்குள் முடித்தாரா என்பதை அவர்களே சொல்வார்கள். வரைபடம் தருபவர் முறைப்படி பதிவு பெற்றவர்தாமா என்று சரிபாருங்கள். தவணைக் கடனையே எழுதிக்கொள்ளுமாறு கட்டளையிடுகிறது குர்ஆன் (2:282). பல இலட்சம் ரூபாய் வேலையை வாய்ச்சொல்லில் விடலாமா? பொருள்களின் தரம், காலக்கெடு, கடைக்காலுக்கு எவ்வளவு, தளத்துக்கு எவ்வளவு என்னும் தவணைகள் ஆகியவற்றை எழுதிச் சாட்சிகளுடன் கையொப்பமிடுங்கள். இது அவநம்பிக்கையன்று, நாளை சச்சரவு எழாமல் உறவைக் காக்கும் வேலி.

"உறவினருக்கு வாழ்வளிப்பது நன்மையல்லவா?" என்று கேட்கலாம். தகுதியுள்ள உறவினர் இருந்தால் அவருக்கே முன்னுரிமை கொடுங்கள். தகுதியில்லாதவருக்கு உதவ விரும்பினால் ஸதகாவாகக் கொடுங்கள். தொழில் கற்க வழி செய்யுங்கள். பிள்ளைகள் உறங்கும் கூரையை அவருடைய பயிற்சிக் களமாக்காதீர்கள்.

நமக்கும் கடமையுண்டு. வல்லவரைத் தேர்ந்தபின் கூலியைப் பேரம் பேசி நசுக்குவதும், முடித்த வேலைக்குப் பணத்தை இழுத்தடிப்பதும் அநீதியே. தொழிலாளியின் வியர்வை உலருமுன் கூலி அவர் கையில் சேர வேண்டும் என்பது நபிவழி.

அல்லாஹ் நம் இல்லங்களை உறுதியும் பரக்கத்தும் நிறைந்தவையாக ஆக்குவானாக. ஆமீன்.