ஊசி முனையில் ஒரு ஜீவனம்

"உங்கள் வீட்டில் தையல் மெஷின் இருக்கிறதா?" என்று கேட்டால், வாசக சகோதரிகளில் பலர், "இருக்கிறது, அதன்மேல் மடிக்க வேண்டிய துணிதான் மலையாகக் குவிந்து கிடக்கிறது" என்று சொல்வீர்கள். பட்டணத்தில் நமக்கு அது பெரும்பாலும் ஒரு மேஜைதான். ஆனால் அதே மெஷின் ஒரு பெண்ணுக்கு அடுப்பெரிய வழியாகவும் இருக்கலாம்.

2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் நடந்த கொடுமையை யாரும் மறந்திருக்க முடியாது. மெதனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டு போயிற்று. இறந்தவர்களின் குடும்பத்துக்குத் தலா 10 லட்ச ரூபாய் அரசாங்கம் அளித்தது. நல்ல காரியம்தான். ஆனால் பணம் எவ்வளவு வந்தாலும் அதற்கு ஒரு முடிவு உண்டு அல்லவா? கடன்காரன் வருவான், பிள்ளையின் படிப்பு வரும், பெண்ணின் கல்யாணம் வரும். கையில் கற்ற தொழில் ஒன்றுதான் கடன்காரனும் கொண்டு போக முடியாத சொத்து.

அவ்வூருக்கு மேற்கே இருக்கும் கல்வராயன் மலையைப் பாருங்கள். மலையாளி என்னும் பழங்குடி மக்கள் வாழும் இடம். 1976-ஆம் ஆண்டு வரை ஜாகீர்தார்களின் பிடியில் இருந்த மலை அது. கூலி இல்லாமல் உழைத்த காலம் பெரியவர்களுக்கு இன்னும் நினைவிருக்கிறது. 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாயிற்று. அப்படியும் குறைகள் தீர்ந்தபாடில்லை. 2024-ல் சென்னை உயர்நீதிமன்றமே இம்மக்களின் வாழ்க்கை நிலையைப் பற்றித் தானாக முன்வந்து வழக்கு எடுத்துக்கொண்டது. சாமையும் மரவள்ளியும் மழையை நம்பியவை. மழை பொய்த்த வருஷத்தில் வீட்டுப் பெண்ணுக்கு வேறு என்ன வழி?

இயந்திரங்களை அவ்வளவாக விரும்பாத காந்திஜிகூட, 1924-ல் இதைப் பற்றிப் பேச்சு வந்தபோது தையல் மெஷினுக்கு விலக்கு அளித்தார். இது தனிமனிதனின் வீண் உழைப்பை மிச்சப்படுத்துகிறது என்பதே அவர் கருத்து.

இதற்கு வழிகளும் இல்லாமல் இல்லை. தமிழ்நாட்டில் அமைச்சராகவும் பின்னர் மத்திய அமைச்சராகவும் இருந்த சத்தியவாணி முத்து அம்மையாரின் பெயரால், விதவைகளுக்கும் கணவனால் கைவிடப்பட்டவர்களுக்கும் ஏழைப் பெண்களுக்கும் இலவசத் தையல் மெஷின் வழங்கும் திட்டம் ஒன்று உண்டு. தையல் தெரிந்திருப்பது அதற்கு அவசியம். தெரியாதவர்களுக்கு, வங்கிகள் நடத்தும் கிராமிய சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையங்கள் இருக்கின்றன. சாப்பாட்டுடன், கட்டணமில்லாமல், ஏறக்குறைய ஒரு மாதம் கற்றுத் தருகிறார்கள். 1982-ல் கர்நாடகத்து உஜிரேயில் தொடங்கிய ஒரு நிலையத்தைப் பார்த்துத்தான் இவை நாடெங்கும் பரவின.

கற்றபின் வேலை வேண்டுமே என்கிறீர்களா? நியாயமான கேள்வி. சத்துணவு சாப்பிடும் பள்ளிக் குழந்தைகளுக்கு அரசாங்கம் ஆண்டுக்கு 4 ஜோடிச் சீருடை கொடுக்கிறது. அவற்றைத் தைப்பவர்கள் மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கத்து அங்கத்தினர்கள். ஆனால் சீருடை வேலை வருஷம் முழுவதும் இருப்பதில்லை. மிச்ச மாதங்களுக்குச் சோறு போடுவது ரவிக்கைதான்.

ஆகையால் பயிற்சி என்றால் மெஷினை மிதிக்கக் கற்பதோடு நின்றுவிடக் கூடாது. அளவெடுப்பதும், துணி வீணாகாமல் வெட்டுவதும், காஜா எடுப்பதும், கழுத்தும் கையும் பிடிக்காமல் அமைப்பதும் கைவர வேண்டும். ஒரு ரவிக்கை கெட்டுவிட்டால் துணிக்காரி மறுபடி வரமாட்டாள்! வார் அறுந்தால் மாற்றவும், எண்ணெய் போடவும் தெரிய வேண்டும். மலையிலிருந்து மெஷினைச் சுமந்துகொண்டு அடிவாரத்துக்கு இறங்க முடியுமா? எல்லாவற்றுக்கும் மேலாக, நூல், பட்டன், நேரம் இவற்றைக் கணக்குப் பார்த்துக் கூலி சொல்லத் தெரிய வேண்டும். "நீங்களே பார்த்துக் கொடுங்கள் அக்கா" என்று சொல்லும் பெண்ணுக்கு எந்த ஊரிலும் பாதிக் கூலிதான் கிடைக்கிறது.

இங்கேதான் நம் பங்கு வருகிறது. பட்டுப் புடவைக்குக் கடைக்காரர் சொன்ன விலையைக் கொடுத்துவிட்டு, அதன் ரவிக்கைக்குத் தையற்காரியிடம் இருபது ரூபாய்க்குப் பேரம் பேசுகிறோம். "அடுத்த வாரம் தருகிறேன்" என்று கூலியைத் தள்ளிப் போடுகிறோம். அந்த வாரம் அவள் வீட்டில் அடுப்பு எப்படி எரியும் என்று நினைத்துப் பார்ப்பதில்லை.

உங்கள் தெருவிலும் யாரோ ஒரு பெண் வாசலில் மெஷினைப் போட்டு உட்கார்ந்திருப்பாள். அடுத்த முறை அவளிடம் துணி கொடுக்கும்போது கேட்ட கூலியை, வாங்கும் அன்றே கொடுத்துவிடுங்கள். தர்மமாக அல்ல, அவள் உழைப்பின் விலையாக!