இமைமுடி மறுபடி உள்ளே வளர்ந்தால்



டோர்ட்முண்டிலிருந்து ஒரு வாசகி தொலைபேசியில் அழைத்திருந்தார். வயது எழுபதுக்கு மேல். இமைமுடி உள்நோக்கி வளர்ந்து கண்ணை உரசுகிறது, பிடுங்கப் பிடுங்க வருகிறது. "ஏன் தம்பி சும்மா டொக்டரிட்டை அலைவான்? மகளே சாவணத்தாலை பிடுங்கிவிடுவாள்தானே" என்றார். எண்பதுகளில் ஜெர்மனிக்கு வந்த நம் பெரியவர்கள் பலருக்கு இந்தத் தொல்லை வரும் வயது இது.

பிடுங்கிய முடி ஆறு முதல் எட்டு வாரத்தில் திரும்ப முளைக்கும். குட்டையாக, விறைப்பாக முளைக்கும் அதுதான் கருவிழியைக் கூடுதலாகக் கீறும். ஒன்றிரண்டு முடி என்றால் மின்சார ஊசியாலோ லேசராலோ வேரைச் சுடுவார்கள். பல முடிகள் சேர்ந்திருந்தால், வேரைச் சுமார் மைனஸ் 20 பாகைக்கு உறையவைத்து, உருகவிட்டு, மறுபடி உறையவைப்பதும் உண்டு. இதில் நம்மவர்கள் கவனிக்க வேண்டும்: முடிவேர் சாகுமுன்பே தோலுக்கு நிறம் தரும் செல்கள் அந்தக் குளிரில் செத்துவிடும். வெள்ளைத் தோலில் அது அவ்வளவாகத் தெரியாது, நம் தோலில் இமையோரம் வெளிறி நிற்கும். சிகிச்சைக்கு முன்பே இதைக் கேட்டுவிடுங்கள்.

இமை விளிம்பே உள்ளே மடங்கியிருந்தால் முடிவேரைச் சுட்டுப் பயனில்லை, இமையைத்தான் திருப்பித் தைக்க வேண்டும். எப்படித் தைக்கிறார்கள் என்பதும் முக்கியம். டிரக்கோமா என்ற கண் தொற்றுநோயால் இமை மடங்கிய 1000 பேரிடம் எத்தியோப்பியாவில் இரண்டு முறைகளை ஒப்பிட்டு, 2016-இல் முடிவை வெளியிட்டார்கள். தோல் உட்பட இமையை முழுத் தடிப்பாக வெட்டித் தைத்தவர்களில் 22 சதவீதத்தினருக்கு ஓராண்டுக்குள் முடி திரும்பியது. தோலைத் தொடாமல் உட்புறத்தில் மட்டும் வெட்டித் திருப்பியபோது 13 சதவீதம். ஜெர்மனியில் டிரக்கோமா இன்று இல்லை. இங்கே முதுமையில் கீழிமை தளர்ந்து மடங்குவதே அதிகம். அதற்குத் தையல் மட்டும் போட்டால் மறுபடி மடங்கிவிடும் வாய்ப்பு கூட. இமையை வெளி ஓரத்தில் இழுத்து இறுக்கியும் தைத்தால் நிலைக்கும்.

ஆகவே, திரும்பி வந்தால் விதியே என்று இருந்துவிடாதீர்கள். "பிழை முடியிலா, இமையிலா?" என்று கண்வைத்தியரிடம் கேளுங்கள். டொச் வராத பெரியவர்களோடு பிள்ளைகள் கூடப் போங்கள். கண் சிவந்து வலித்தாலோ பார்வை மங்கினாலோ தவணைக்குக் காத்திராமல் உடனே போங்கள். கண்வைத்தியரின் கிளினிக் பூட்டிய நேரம் என்றால் வைத்தியர் சேவை எண் 116117-ஐ அழைக்கலாம். இன்னொன்று: வைத்தியரிடம் போகிற அன்று வீட்டில் பிடுங்கிவிட்டுப் போகாதீர்கள். எந்த முடி எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதை அவர் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
ஆசிரியர்