கண்ணகியின் மானிடம்

மானிடர் தெய்வ வலிமை பெறுங் கதைகளை ஒருங்கு நோக்குவோர் அவற்றில் ஓர் ஓரவஞ்சனையைக் காண்பர். வலிமை பெற்றவன் வீழ்ந்தால் அவனை மனிதனென்றே விட்டுவிடுவர். உயர்ந்தால், தொடக்கத்திலேயே தெய்வமென்று சாதிப்பர். மகாபாரதம் கூறும் நகுஷன், இந்திரன் மறைந்திருந்தபோது தேவர்களால் தெரிவுசெய்யப்பட்டு விண்ணுலகை ஆண்ட மன்னன். இந்திராணியை விரும்பி, முனிவர் சுமந்த சிவிகையில் ஏறிச் சென்றான். அகத்தியரை உதைத்துப் பாம்பானான். அவனை மறைந்திருந்த தெய்வமென்று எவருங் கூறவில்லை.

கண்ணகிக்கு நேர்ந்ததோ வேறு. சிலப்பதிகாரத்தில் அவள் புகார் நகரத்து வணிகன் மாநாய்கனின் மகள். ஈழத்தின் கிழக்குக் கரையூர்களில் வைகாசிச் சடங்கின்போது படிக்கப்படும் கண்ணகி வழக்குரையிலோ, பாண்டியனை அழிப்பதற்கென மாங்கனியில் தோன்றிய அம்மன். இம்மாற்றம் பக்தியின் விளைவு, அதிற் குறைகாண யாது உண்டு என்பர் சிலர். பக்தி குறையன்று, அதன் பெயரால் ஒரு பெண்ணின் செயல் அவளிடமிருந்து பறிக்கப்படுவதே குறை. அழிக்கவே பிறந்தவளுக்கு வழக்கு எதற்கு? தீர்ப்பு முன்னரே எழுதப்பட்டிருந்தால் சிலம்பை உடைப்பானேன்?

உண்மையில், பாண்டியனை வீழ்த்தியது அற்புதமன்று, சான்று. அரசியின் சிலம்பிலுள்ள பரல் முத்து. கண்ணகியின் சிலம்பிலுள்ளது மாணிக்கம். மாணிக்கம் தெறித்தவுடன் மன்னன் தன் தவற்றையுணர்ந்து அரியணையிலேயே உயிர்நீத்தான். மதுரை எரிந்தது அதன் பின்னரே.

காப்பியத்திலேயே தெய்வக் குறிப்புகள் உளவே என மறுப்போர் உண்டு. உள; அவற்றை முழுமையாகப் படித்தல் வேண்டும். வேட்டுவரிடையே தெய்வமேறிய சாலினி கண்ணகியைப் போற்றியபோது, அம்முதியவள் மயங்கிப் பேசுகின்றாள் என்று நாணிக் கணவனின் முதுகுப்புறம் ஒடுங்கியவள் கண்ணகியே. தீக்கடவுள், அவள் பிழைக்கப்படும் நாளில் நகரை எரிக்க முன்னரே ஏவல் பெற்றதாகக் கூறுகின்றான். ஆயினும் பிழைக்கத்தக்கவர் யாவரென அவளையே வினவுகின்றான். அந்தணர், அறவோர், ஆவினம், பத்தினிப் பெண்டிர், முதியோர், குழந்தைகள் ஆகியோரை விலக்கித் தீயோரையே சேருமாறு அவள் பணிக்கின்றாள். அப்பட்டியலில் அக்காலச் சமூகத்தின் படிநிலை தெரிகின்றது என்பது மெய்யே. எனினும் கட்டற்ற வலிமை கைக்கு வந்த கணத்தில் அதற்கு எல்லை வகுத்தது கணவனையிழந்த ஒரு பெண்ணின் மனமாகும். நகுஷனுக்கு இல்லாதிருந்தது இதுவே. அவனுக்கு வலிமை ஓர் ஆசனமாகக் கிடைத்தது. அவளுக்கோ நீதி கேட்டதன் பயனாக வந்தது.

அவளை முதலில் வழிபட்டோர் வேங்கை மர நிழலில் அவளைக் கண்ட மலைக்குறவரே. சேரன் செங்குட்டுவன் இமயத்துக் கல் கொணர்ந்து கோயிலமைத்தது பின்னைய நிகழ்ச்சி. குறவர் கண்டது மாங்கனியில் வந்த தேவியையன்று. ஒரு முலையிழந்து நின்ற பெண்ணை.

பிறப்பாலேயே தெய்வமென்றால் அவளை வணங்குவோர்க்கு வணக்கமன்றி வேறு கடமையில்லை. அநீதியைக் கண்டு வாளாவிருப்போர்க்கு அதனினும் வசதியான சமாதானம் வேறில்லை. மனிதப் பெண்ணென்றாலோ, அரசவாயிலில் நின்று வினவும் பொறுப்பு எல்லோர்க்கும் உரியதாகிவிடும். கிழக்கிலங்கை மக்கள் மாங்கனிக் கதையைச் சேர்த்தபோதும் தம் ஏட்டுக்கு அவளது பிறப்பைப் பெயராக்கவில்லை. வழக்குரை என்றே பெயரிட்டனர். அப்பெயரே கண்ணகிக்குரிய நியாயத்தை இன்றும் காத்து நிற்கின்றது.