வெயில் எழுதும் கணக்கு

அவுஸ்திரேலிய நாட்டிலே வயலிலும் கடற்கரையிலும் ஆயுளைக் கழித்த வெள்ளையர் ஒருவரின் நெற்றியையோ புறங்கையையோ தடவிப் பார்த்தால், மணல் ஒட்டிய கடதாசியைத் தொட்டாற்போன்ற சொரசொரப்பு ஆங்காங்கே தட்டுப்படும். பல வேளைகளில் கண் காணுமுன் விரல் அதனைக் கண்டுவிடும். வைத்தியர்கள் 'அக்டினிக் கெரற்றோசிஸ்' என்று கூறும் இதனை நாம் வெயிற்கரடு என்று அழைப்போம்.

இக்கரடு புற்றுநோயாக மாறுமா? விக்டோரியா மாநிலத்து ஆராய்ச்சியாளர்கள் இருபதினாயிரத்துக்கு மேற்பட்ட கரடுகளைக் கவனித்து, 1988ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். ஓராண்டினுள் புற்றாக மாறியவை ஆயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு. காற்பங்கு கரடுகள் தாமாகவே மறைந்தன! இதைக் கேட்டு ஆறுதலடையும் வேளையில் மற்றொரு செய்தியும் வருகின்றது: அம்மக்களிடையே தோன்றிய செதிற்கலப் புற்றுக்களிற் பத்தில் ஆறு, முன்பு கரடு இருந்த இடத்திலேயே எழுந்தவை.

காரணம் யாது? சூரிய ஒளியின் ஊதாக் கடந்த கதிர்கள் தோற்கலத்தின் பரம்பரையலகுகளைச் சிதைக்கின்றன. பழுதுற்ற கலம் பெருகாது காவல் செய்யும் 'பி-53' என்னும் அலகும் அவற்றுள் ஒன்று. அதன் சிதைவு கரட்டிலும் உண்டு, புற்றிலும் உண்டு. கரடு தடித்தாலோ, நொந்தாலோ, இரத்தம் கசிந்தாலோ, விரைவிற் பருத்தாலோ வைத்தியரிடம் காட்டத் தாமதித்தலாகாது. தொடக்கத்திலாயின் திரவ நைதரசனால் உறையச்செய்தே நீக்கிவிடுவர். புற்றாகி முற்றினாலோ நிணநீர்க் கணுக்களுக்கும் பரவக்கூடும்.

முதுமையிலே காப்புத் தேடிப் பயனென்ன என்பாரும் உளர். குயின்ஸ்லாந்தின் நாம்பூர் என்னும் ஊரிலே 1992இல் ஆயிரத்து அறுநூறுக்கு மேற்பட்டோரைக் கொண்டு தொடங்கிய சோதனையில், நாள்தோறும் வெயிற்காப்புக் களிம்பு பூசியோரிடம் செதிற்கலப் புற்றுக்கள் ஏறத்தாழ நாற்பது வீதம் குறைந்தன. அவர்களும் பல்லாண்டு வெயில் கண்டவர்களே.

நம்மவர் தோலிலுள்ள கருநிறமி நல்லதோர் குடை; ஆதலின் வெயிற்கரடு நம்மிடையே அரிது. (வெள்ளை நிறத்துக்கு ஏங்கிக் களிம்பு வாங்குவோர் இதைச் சற்றே நினைக்கலாம்!) ஆனால், அந்நிறமியின்றி வெண்தோலும் வெண்முடியுமாய்ப் பிறக்கும் பிள்ளைகள் நம் குடும்பங்களிலும் உளர். அவர்களுக்குக் கரடும் புற்றும் இளவயதிலேயே வரக்கூடும். பள்ளி மைதானத்திலே அப்பிள்ளை அகன்ற தொப்பியும் நீண்ட கைச்சட்டையும் அணிய அனுமதி வேண்டுமென்று பெற்றோர் ஆசிரியரிடம் இன்றே சொல்லி வைக்கலாம்.