கசிவு யார் கணக்கில்?

கீழ்பவானி வாய்க்காலில் கான்கிரீட் போடலாமா கூடாதா என்ற தகராறு ஈரோட்டுப் பக்கம் எளிதில் ஓய்வதாக இல்லை. 2020-இல் சுமார் 710 கோடி ரூபாய்ச் சீரமைப்புக்கு அரசு ஒப்புதல் தந்ததிலிருந்து விவசாயிகள் இரண்டு அணி. தண்ணீர் வந்து சேர்வதில்லை என்கிறார் கடைமடைக்காரர். கசிவு நின்றால் கிணறு வற்றும் என்கிறார் வாய்க்காலுக்குக் கீழ்ப்புறத்துக்காரர். இருவர் சொல்வதும் உண்மை; பாதியைப் பார்த்துத் தீர்ப்பெழுதியது நம் பாசனத் துறைதான்.

தலைமதகில் விட்டதில் வயலுக்குப் போகாததையெல்லாம் 'இழப்பு' என்று எழுதப் பழகியிருக்கிறோம். மண்ணுக்குள் இறங்கிய நீர் கிணறுகளிலும் ஓடைகளிலும் மீண்டும் தலைகாட்டுகிறது. வாய்க்கால் அடைத்த மாதங்களில் தென்னையும் மாடும் பிழைப்பது அதனால். ஆனால் வாய்க்கால் நீரின் பதிவேடு ஓர் அலுவலகத்தில், கிணற்று நீர்மட்டத்தின் பதிவேடு இன்னோர் அலுவலகத்தில். இரண்டையும் ஒரே மேசையில் விரித்தால்தான், கான்கிரீட்டால் மிச்சமாவதாகச் சொல்லும் நீரில் எவ்வளவு உண்மையான மிச்சம், எவ்வளவு ஒருவரிடம் பிடுங்கி மற்றவருக்குக் கொடுப்பது என்று தெரியும்.

கசிவை அப்படியே விட்டுவிடுவதும் நியாயமாகிவிடாது. சுமார் 200 கிலோமீட்டர் வாய்க்கால், 2.07 லட்சம் ஏக்கர் ஆயக்கட்டு. நீர் போதாது என்பதால் ஒற்றைப்படை மதகுகள் ஒரு பாதி, இரட்டைப்படை மதகுகள் மறுபாதி. ஒரு பாதிக்கு நன்செய் என்றால் மற்றதற்குப் புன்செய், அடுத்த ஆண்டு மாற்றி. பற்றாக்குறையைப் பங்கிட இதைவிட நல்ல ஏற்பாட்டை நம் பாசனத் திட்டங்களில் அதிகம் காணமுடியாது. கசிவுநீருக்கோ எந்த முறையும் கிடையாது. ஆழ்துளையும் இலவச மின்சாரமும் உள்ளவருக்கு அது ஆண்டெல்லாம் கிடைக்கும். மதகை மட்டுமே நம்பிய சிறு விவசாயி வரப்பில் காத்திருக்க வேண்டியதுதான்.

முழு நீளத்துக்கும் ஒரே மருந்து என்பதே கோளாறு. மண் கொட்டி உயர்த்திய கரை பலவீனமான இடங்களையும் பழைய மதகுகளையும் பாலங்களையும் பலப்படுத்துவதற்கு யாரும் மறுப்புச் சொல்லமாட்டார்கள். மற்ற இடங்களில் முதலில் அளக்க வேண்டும்: மதகில் போகும் நீர், கீழ்ப்புறக் கிணறுகளின் மட்டம், ஓடையில் வடிவது. ஒரு நன்செய், ஒரு புன்செய்ப் பருவமாவது சேர்ந்தாற்போல அளந்து, பாசன சபைகளின் அறிவிப்புப் பலகையில் வாராவாரம் எழுதிப் போட வேண்டும். கான்கிரீட் செலவோடு ஒப்பிட்டால் இதற்காகும் பணம் சொற்பம். அடுத்த ஆகஸ்டில் தண்ணீர் திறப்பதற்குள் அளவுகோல்களை நட்டுவிடலாம். தடையாக இருப்பது இரண்டு அலுவலகங்களுக்கு இடையே போகாத ஒரு கடிதம்.